காங்கேசன்துறையில் கேட்கும் சிரிப்பு

சுவர்ணா தொண்டைமானாற்றில் சிரித்தால் சத்தம் காங்கேசன்துறையில் கேட்டது. சண்டிலிப்பாயில் சிரித்தாலும் அங்கேதான், யாழ்ப்பாணம் ரவுணில் சிரித்தாலும் அங்கேதான். வாய் இங்கே திறக்கும், தோள் இங்கே குலுங்கும், கண்ணில் தண்ணீர் இங்கே முட்டும். சத்தம் மட்டும் காங்கேசன்துறையில், சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கொஞ்சம் கிழக்கே, கூரை இல்லாத ஒரு குசினிக்குள், அடுப்படியிலே கேட்கும். இது வருஷக்கணக்காக நடந்து வந்த விஷயம். இடையிலே ஆமியின் முட்கம்பி வேலி இருந்தபடியால் இங்கே இருந்தவர்களுக்குச் சத்தம் எங்கே போகிறதென்று தெரியாது, அங்கே இருந்தவர்களுக்கு அது யாருடைய சத்தமென்று தெரியாது. இதை நம்பாத ஆட்கள் எங்கள் பக்கத்திலும் இருந்தார்கள். இப்போது இல்லை.

சிரிப்பு அங்கே தங்கிப்போனது தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதத்தில். சுவர்ணாவுக்கு அப்போது பதினேழு வயது. தகப்பன் கனகரத்தினம் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வீட்டின் மற்றச் சுவர்களையெல்லாம் சுண்ணாம்பில் கட்டிவிட்டு அடுப்படிச் சுவரை மட்டும் நல்ல சீமெந்தில் தன் கையாலேயே எழுப்பியிருந்தார். வீடு விழுந்தாலும் சோறு அவிய வேண்டும் என்பது அவருடைய நியாயம். அன்றைக்குப் பின்னேரம் கோயில் திருவிழாவில் ஒரு பகிடி நாடகம் போடுவதாக இருந்தது. எங்கள் பக்கத்தில் நிகழ்ச்சி பார்க்கிறதென்றால் வெயில் தாழ முதலே போய் மணலில் பாய் விரித்து இடம் பிடித்துவிட வேண்டும். பிந்திப் போகிறவன் நாடகம் பார்க்கமாட்டான், முன்னுக்கு இருக்கிறவனின் பிடரியைத்தான் பார்ப்பான். அதனால் பாய் மத்தியானமே சுருட்டி, கயிற்றால் கட்டி, வாசல் படலையடியில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. கனகரத்தினம் குசினிக்குள் நின்று, சேட்டை உள்பக்கம் வெளியே வரப் போட்டுக்கொண்டு, பொக்கற்றைக் காணவில்லை என்று நெஞ்சைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த சுவர்ணாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வயிறு நோகச் சிரித்தாள். அந்த நேரத்தில்தான் முதல் ஷெல் விழுந்தது.

தாய் ஓடிவந்து, "வாயைப் பொத்தடி! சனம் குளறுது, உனக்கு இளிப்பு. உந்த இளிப்பை உதிலை விட்டிட்டு வா!" என்று கையைப் பிடித்து இழுத்தாள். சுவர்ணா சொல்வழி கேட்கிற பிள்ளை, விட்டுவிட்டு வந்தாள். தாய் சொன்னதால்தான் அது அங்கே நின்றதா, கதவை அவசரமாய்ச் சாத்தியதால் உள்ளே அகப்பட்டதா என்று இப்போதும் ஊரில் இரண்டு கட்சி உண்டு. எப்படியோ, அன்றைக்கு எல்லாரும் எதையாவது விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள், எல்லாரும் நம்பினார்கள். இரண்டு நாளுக்கு யார் நெல்லு மூட்டையைத் தூக்குவான், யார் கோழியைப் பிடிப்பான்? கனகரத்தினம் மட்டும் படலையடியில் சாத்தியிருந்ததை உடுப்பு மூட்டை என்று நினைத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். மல்லாகத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் வந்து இறக்கிப் பார்த்தால் அது பாய். ஒரு முழு வீட்டிலிருந்து வெளியே வந்த ஒரே பொருள் நாடகம் பார்க்கிற பாய்தான். "உதிலை குந்தியிருந்து இப்ப எந்த நாடகத்தைப் பாக்கப் போறியள்?" என்று தாய் கேட்டாள். முகாமிலே கண்ணை மூடுகிற வரைக்கும் அவள் அதைக் கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

முகாமில் சுவர்ணாவின் சிரிப்புக்குச் சத்தம் இல்லை என்பதை நெடுங்காலம் ஒருவரும் கவனிக்கவில்லை. தறப்பாளுக்குக் கீழே இருந்து சிரிக்கிறதுக்கு என்ன இருந்தது? எப்போதாவது சிரித்தாலும் அடக்கமான பெட்டை, கொடுப்புக்குள் சிரிக்கிறாள் என்று சனம் நல்ல பெயர் கொடுத்தது. இடம்பெயர்வு மாறி மாறி வந்தது, நல்ல சம்பந்தங்கள் வந்து வந்து குழம்பின, அவளுக்கு முப்பது வயது நெருங்கியது. பிறகு சமாதான காலம் வந்தது. கொழும்புக்குப் பாதை திறந்தது, அப்பிள் பழம் மலிந்தது, கோயிலுக்குக் கோயில் இசைக்கோஷ்டி வந்தது. அந்த ஆவணியில் செல்வச்சந்நிதிக் கோயில் திருவிழாவுக்குக் கனகரத்தினம் அதே பாயோடு மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

பக்கத்துப் பாயில் இருந்தவன் தொண்டைமானாற்று அருட்செல்வன். கடல் தொழில் செய்கிறவன், ஆனால் கோஷ்டி என்றால் வள்ளத்தைக் கரையில் விட்டுவிட்டு வந்துவிடுவான். அவன் சிரித்தால் பக்கத்தில் இருக்கிறவருக்குக் கேடு. தன்னை அறியாமல் தோளால் இடித்து இடித்துத்தான் சிரிப்பான். அவனோடு நிகழ்ச்சி பார்த்த கூட்டாளிகள் ஒருவரும் இரண்டாம் முறை பக்கத்தில் இருந்ததில்லை. அன்றைக்கு மேடையில் ஒருவன் சந்தையில் பனங்கிழங்கு விற்கிற மனிசிமாதிரி நடித்துக்காட்ட, சனம் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தது. அருட்செல்வன் பார்த்தால் பக்கத்துப் பாயில் ஒரு பெட்டை முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள், கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. அவனுக்கு மனம் பொறுக்கவில்லை.

"ஐயா, உவ ஏன் அழுறா?" என்று கனகரத்தினத்திடம் கேட்டான்.

"அழேல்லைத் தம்பி, சிரிக்கிறாள்," என்றார் அவர். "எப்பவோ இருந்து உப்பிடித்தான்."

ஐப்பசியில் கலியாணம் நடந்தது.

சுவர்ணாவின் குரலில் ஒரு குறையும் இல்லை. மீன்காரனோடு விலை பேசினாலோ, படலையைத் திறந்துவிட்ட மாட்டுக்காரனை ஏசினாலோ பாலத்தடி வரைக்கும் கேட்கும். சிரிப்புக்கு மட்டும்தான் சத்தம் இல்லை. தொண்டை பார்க்கிற டொக்டர் லைற் அடித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல தொண்டையைத் தான் இந்த வருஷம் பார்க்கவில்லை என்று சொல்லி அனுப்பினார். அருட்செல்வன் அவளைச் சிரிக்கவைக்கப் படாத பாடு பட்டான். பகிடி சொல்லத் தெரிந்த ஆள் என்றால் வேறு கதை. அவனுக்கு ஒரு பகிடியையும் ஒழுங்காய்ச் சொல்ல வராது. முடிவு நினைவுக்கு வந்தவுடனே அதைச் சொல்லிவிட்டு, "பொறுங்கோ, இனி முதல்லையிருந்து சொல்லுறன்," என்பான். அவனுக்குத் தெரிந்தது ஓர் ஆட்டுக் கதை. அதை அவன் கடைசியிலிருந்து தொடங்காத நாளே கிடையாது. கேட்கிறவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள். சுவர்ணா மட்டும் குலுங்கிக் குலுங்கிக் கண்ணைத் துடைப்பாள், சத்தமே வராது.

மகள் தனுஷிகா பிறந்த பிறகு மூன்று பேராகப் போனார்கள். சந்நிதி, நல்லூர்ப் பக்கம், பருத்தித்துறை, எங்கே கோஷ்டியென்றாலும், எங்கே பட்டிமன்றமென்றாலும் போனார்கள். கனகரத்தினம் செத்த பிறகு பாய் அருட்செல்வனின் பொறுப்பு. ஓரம் பிய்ந்த இடத்துக்கு வலைநூலால் தைத்து வைத்தான். நடுவில் தான், இடப்பக்கம் சுவர்ணா, வலப்பக்கம் பிள்ளை. தனுஷிகா அடுத்த ஊருக்குக் கேட்கிறமாதிரிச் சிரிப்பாள். அவன் இரண்டு பக்கமும் இடிப்பான். சுவர்ணாவின் வலத்தோள் திருவிழா மாதங்களில் கன்றிப்போய் இருக்கும், அதுக்கு அவள் எண்ணெய் பூசிக்கொண்டு அடுத்த கோஷ்டிக்கு வருவாள். இதையெல்லாம்விட ஒரு மனிசனுக்கு என்ன வேண்டும் என்று ஊர் கேட்டது. அவனுக்கு ஒன்று வேண்டியிருந்தது. பெண்சாதி சிரிக்கிறதை ஒரே ஒருமுறை காதால் கேட்க வேண்டும். அதை அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை, சந்நிதியானுக்கு மட்டும் வருஷா வருஷம் சொன்னான்.

ஆமி பிடித்து வைத்திருந்த வீடு வளவுகளைத் துண்டு துண்டாக விடுவித்தார்கள். கனகரத்தினத்தின் வளவு இருந்த பகுதி கடைசித் துண்டோடுதான் வந்தது. அன்றைக்கு மூன்று பேரும் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினார்கள். சுற்றிவர இருந்த வீடுகள் இருந்த இடம் தெரியவில்லை, ஒரே பற்றைக்காடு. இவர்கள் வீடு மட்டும் கூரையும் கதவும் யன்னலும் இல்லாமல் நின்றது. வேலியடியில் நின்ற ஆமிக்காரர் ஒருவர், தலை நரைத்த மனிசன், கிட்ட வந்தார். இளந்தாரியாய் ஒருமுறையும் வயது போய் ஒருமுறையும் அதே காவலரணில் இருந்தவராம். தெரிந்த தமிழில் சொன்னார்: "இந்த வீடு பொம்பிளை சிரிக்கிறது. முதல் நாங்க பயம். ஒருத்தனும் உள்ளே படுக்க இல்லை. அதுதான் உடைக்கவும் இல்லை. பிறகு பயம் இல்லை. நாங்களும் வீட்டை விட்டு வந்தது தானே, சிரிச்சா நல்லா இருக்கும்."

அருட்செல்வன் எப்போது சிரிக்கும் என்று கேட்டான். ஒகஸ்ட் மாதம் நிறைய என்றார் அவர். ஒகஸ்ட் என்றால் சந்நிதிக் கொடியேற்றம். சண்டை முடிந்த வருஷம் சிரிக்கவேயில்லை என்றார். அந்த வருஷம் யார் பாய் விரித்தது? ஒரு தைப்பொங்கல் அன்று காலமையில் விடாமல் சிரித்தது, காவலில் இருந்த பெடியன்களும் சேர்ந்து சிரித்தார்கள் என்றார். அந்தப் பொங்கலன்று அருட்செல்வன் பானைக்குள் சீனியென்று உப்பைக் கொட்டியவன். அவன் மெல்லத் திரும்பிச் சுவர்ணாவைப் பார்த்தான். ஆமிக்காரரும் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அக்காதானா?" என்று கேட்டார்.

சுவர்ணா குசினிக்குள் போய், தாய் அம்மி வைத்திருந்த இடத்தில் நின்று, அழுதுகொண்டிருந்தாள். அழுகைக்குச் சத்தம் இருந்தது.

அதுக்குப் பிறகு வீட்டுக்குள் கதை அதுதான். அரசாங்க வீட்டுத்திட்டத்தில் புது வீடு கட்டலாம், ஆனால் பழசு வெடித்துப்போய்க் கிடக்கிறது, அதை இடித்துத் தரைமட்டமாக்க வேண்டும் என்று பார்க்க வந்த பெடியன் சொல்லிவிட்டான். பெக்கோ இயந்திரம் இன்னும் இரண்டு கிழமையில் வரும். சுவர்ணா சரியென்று தலையாட்டினாள். அருட்செல்வன் துள்ளினான்.

"உம்மடை சிரிப்பெல்லோ உள்ளுக்கு இருக்கு! இடிச்சால் அது எங்கை போறது?"

"போனால் போகட்டும். இவ்வளவு காலமும் அது இல்லாமல் நான் சிரிக்கேல்லையோ? எனக்கு அந்தக் குசினியைப் பாக்கேலாதப்பா. அங்கை நிண்டால் அம்மாவின்ரை முகம்தான் தெரியுது. இடிச்சிட்டுப் புதுசாக் கட்டுங்கோ."

"எனக்குக் கேக்கவேணும்," என்றான் அருட்செல்வன்.

இருபது வருஷத்துக்கு மேலே வாய்க்குள் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் சொன்னான். சரி, அப்படியென்றால் நீங்கள் அங்கே போய் இருங்கோ, நான் இங்கே ஏதாவது பார்த்துச் சிரிக்கிறேன், கேட்டு முடிந்தால் இடிக்கலாம் என்றாள் சுவர்ணா. கணக்குச் சரிபோலத்தான் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமை சண்டிலிப்பாயில் ஒரு கோயிலடியில் கோஷ்டி, அதில் கீர்த்திகன் பகிடி செய்கிறான். கீர்த்திகன் அந்த ஊர்ப் பெடியன். பகலில் புகையிலைக்குத் தண்ணி கட்டுவான், மேடையில் ஏறினால் வெளிநாட்டில் இருக்கிறவர்களும் போனில் பார்த்துச் சிரிப்பார்கள். தாயும் மகளும் பாயோடு அங்கே போனார்கள். அருட்செல்வன் காங்கேசன்துறைக்குப் போய், குசினி வாசலில் ஒரு கல்லில் குந்தி, காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

வெயில் சாய்ந்தது. மயில் அகவியது. தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து காற்று வந்து போனது. குசினி வாயே திறக்கவில்லை. பொறுமை கெட்டுப்போய் மகளுக்குப் போன் எடுத்தான். அங்கே சனத்தின் சிரிப்பு இரைகிறது, அதுக்குள்ளே தனுஷிகா கத்திச் சொன்னாள்: "அம்மா சிரிக்கேல்லையப்பா! கீர்த்திகன் அண்ணை செத்துப் பிழைக்கிறார், இவ ஒவ்வொரு பகிடிக்கும் நீங்கள் இருக்கிற பக்கம் திரும்பித் திரும்பிப் பாக்கிறா. வெறும் பாயைப் பாத்திட்டுப் பேசாமல் இருக்கிறா!"

பிறகு சுவர்ணா போனை வாங்கினாள். "நீங்கள் தோளிலை இடிக்காமல் எனக்குச் சிரிப்பு வரேல்லை. நான் என்ன செய்ய?" என்றாள். அவளுக்கே அது அன்றைக்குத்தான் தெரிந்தது. அருட்செல்வன் கல்லிலிருந்து எழும்பவில்லை. பக்கத்தில் இருந்தால் கேட்காது, கேட்கிற இடத்தில் இருந்தால் அவள் சிரிக்கமாட்டாள். பெக்கோ வரப்போகிறது. சந்நிதியான் இப்படியும் ஒரு முடிச்சுப் போடுவானா என்று அவனுக்கு அழுகை வந்தது. ஆள் இல்லாத வளவு என்றபடியால் வாய்விட்டு அழுதான்.

முடிச்சை அவிழ்த்தவன் கீர்த்திகன். மேடையிலிருந்து பார்த்தால் முன்வரிசையில் ஒரு மனிசி தன்னுடைய திறமான பகிடிக்கும் அசையவில்லை. அவனுக்கு மனம் பொறுக்குமா? நிகழ்ச்சி முடிந்ததும் பாய் சுருட்டுகிற இடத்துக்கே வந்துவிட்டான். "அக்கா, நான் என்ன பிழை விட்டனான்? சொல்லுங்கோ, திருத்துறன்," என்றான். தனுஷிகா எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வாயைத் திறந்தபடி கேட்டான். கேட்டு முடித்து, இதுக்கேன் இவ்வளவு யோசனை, கோஷ்டியைக் குசினிக்குக் கொண்டு போனால் சரிதானே என்றான். பெரிய பெரிய ஆட்களுக்கு வராத யோசனை சில நேரம் இப்படிப் பாய் சுருட்டுகிற இடத்தில் வந்துவிடும்.

பெக்கோ வருகிற கிழமைக்கு முந்தின ஞாயிறு பின்னேரம் காங்கேசன்துறையில் கோஷ்டி. மேடை விறாந்தை இருந்த இடம். கரண்ட் இல்லை, ஜெனரேற்றர் வந்தது. கீபோட் வந்தது, இரண்டு பாட்டுக்காரர் வந்தார்கள். தொண்டைமானாற்றுச் சனம் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டி நிறைய வந்து இறங்கியது. புதிதாய்க் குடியேறின சனம் பற்றையை வெட்டிவிட்டுப் பாயோடும் உரப்பையோடும் வந்து இடம் பிடித்தது. மதில் இடிந்த பக்கத்து வளவிலிருந்து லவீனா என்கிற பெண் கைக்குழந்தையோடு வந்து, சுவர்ணா வீட்டாருக்கு நல்ல இடம் விட்டுத் தள்ளியிருந்தாள். வேலிக்கு அங்காலே நரைத்த ஆமிக்காரரும் நின்றார், ஒருவரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அருட்செல்வன் குசினிச் சுவரோடு ஒட்டி, வலைநூல் தைத்த அந்தப் பாயை விரித்தான். தொண்ணூறாம் ஆண்டு படலையடியில் கட்டி வைத்த பாய் கடைசியில் ஐம்பது முழம் தள்ளித்தான் விரிந்தது.

ஆனால் நிகழ்ச்சி படுதோல்வி. பாட்டு நல்லாய்த்தான் போனது. கீர்த்திகன் பகிடியைத் தொடங்கினதும், அவன் ஒன்று சொல்ல, சனம் முழுக்கத் திரும்பிக் குசினிச் சுவரைப் பார்த்தது. இன்னொன்று சொல்ல, சுவர்ணாவின் வாயைப் பார்த்தது. ஒருவருக்கும் சிரிக்க ஞாபகமில்லை. இத்தனை கண் தன் வாயிலே நின்றால் எந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரும்? சுவர்ணா தலையைக் குனிந்துகொண்டு பாயில் இழை பிடுங்கத் தொடங்கினாள். அருட்செல்வன் சும்மா சும்மா தோளில் இடித்துப் பார்த்தான். "விடுங்கோப்பா, நோகுது," என்றாள். கீர்த்திகனுக்குச் சேட்டு நனைந்துவிட்டது. "அருள் அண்ணை, நீங்கள் ஒருக்கா ஏறி ஒண்டு சொல்லுங்கோ, நான் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வாறன்," என்று மைக்கை நீட்டினான்.

அருட்செல்வன் ஏறினான். இன்றைக்காவது ஒழுங்காய்ச் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் சந்நிதியானைக் கும்பிட்டுவிட்டுத் தொடங்கினான். "ஒரு மனிசன் ஆட்டைக் கொண்டு பஸ்ஸிலை ஏறினான்," என்றான். தொண்டைமானாற்றுச் சனம் திகைத்துப் போனது. அவன் அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. சுவர்ணா தலையை நிமிர்த்தினாள். "ஏறி, கடைசிச் சீற்றிலை இருந்தான்," என்றான். எல்லாம் சரியாய்ப் போகிறது. தனுஷிகா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அப்ப ஆடு என்ன செய்ததெண்டால், டிக்கெட்டைத் திண்டிட்டுது," என்றான்.

"எந்த டிக்கெட்டை?" என்று லவீனா கேட்டாள். அவள் கதையைக் கவனமாய்க் கேட்டுக்கொண்டிருந்தவள்.

அருட்செல்வன் நின்றான். யோசித்தான். பஸ்ஸில் இன்னும் ஒருவரும் டிக்கெட் எடுக்கவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. "பொறுங்கோ," என்றான், "இனித்தான் வாங்கப் போறான். ஆடு கொஞ்சம் முந்திட்டுது." பிறகு பதறிப்போய், "செக்கர் வந்து கேக்க, ஐயா, ஆட்டிட்டை டிக்கெட் இருக்கு, நான்தான் டிக்கெட் இல்லாமல் வாறன் எண்டு சொன்னவன்... இல்லை, செக்கர் இன்னும் ஏறேல்லை," என்று பஸ்ஸை நிற்பாட்டி, எல்லாரையும் இறக்கி, பிறகும் ஏற்ற முயன்றான். அந்த அவதியில், பொக்கற்றில் இருக்கிற லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைப்பம் என்று நெஞ்சைத் தடவினான். பொக்கற்றைக் காணவில்லை. அவசரத்தில் சேட்டை உள்பக்கம் வெளியே வரப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

சுவர்ணா வாயைப் பொத்த முந்தி அது வந்துவிட்டது.

குசினிச் சுவரிலிருந்து வந்தது. ஒரு பதினேழு வயதுப் பெட்டையின் சிரிப்பு, அடக்க நினைத்து அடக்க முடியாமல் வெடிக்கிற சிரிப்பு. நடுவிலே மூச்சை இழுத்து, முடிவிலே மூக்காலே ஒரு சின்னச் செருமல், பிறகு திரும்பவும் முதலிலிருந்து. அருட்செல்வன் மைக்கைப் பிடித்தபடி நின்றான். ஜெனரேற்றர்காரன் எட்டிப்போய் ஜெனரேற்றரை நிற்பாட்டினான். அவன் புத்திசாலி. அந்த முழு வளவிலும் அது ஒன்றுதான் கேட்டது. சுவர்ணா குலுங்குகிறாள், சுவர் சிரிக்கிறது. அருட்செல்வனுக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது, அதை அவன் மறைக்கவில்லை. இவ்வளவு அழகாய் இருக்குமென்று அவன் நினைத்திருக்கவில்லை. சுவர்ணாவும் அதைக் கேட்டு முப்பத்துநாலு வருஷம். சிரிப்புக்கு நடுவிலே சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவனை அண்ணாந்து கேட்டாள்:

"உது நானோ?"

"ஓம்," என்றான் அருட்செல்வன். "நீர்தான்."

சொல்லிவிட்டு இறங்கி வந்து, பாயில் தன்னுடைய இடத்தில் இருந்து, பழக்க தோஷத்தில் தோளால் ஓர் இடி இடித்தான். சுவர் மறுபடி வெடித்தது. அதோடு சனத்துக்கும் கட்டு அறுந்தது. லவீனாவின் கைக்குழந்தை முதல் வேலிக்கு அங்காலே நின்றவர் வரைக்கும் எல்லாரும் சிரித்தார்கள். கீர்த்திகன் தண்ணிப் போத்தலோடு நிலத்தில் இருந்து சிரித்தான். அன்றைக்கு அவன் திரும்ப மேடையில் ஏறவேயில்லை.

பெக்கோ வந்த நாள் சுவர்ணாதான் முதலாளாய்ப் போய் வாசலில் நின்றாள். "மற்றச் சுவரெல்லாம் தள்ளுங்கோ. உதிலை மட்டும் கை வைக்காதேங்கோ!" என்று சொன்ன சொல்லு துறைமுகம் வரைக்கும் கேட்டதாம். வீட்டுத்திட்டத்துப் பெடியன் வந்து சுத்தியலால் தட்டிப் பார்த்தான். சுத்தியல்தான் துள்ளியது. இப்படிச் சீமெந்துச் சுவர் இப்போது ஒருவரும் கட்டுவதில்லை, இன்னும் நூறு வருஷத்துக்கு நிற்கும் என்று சொல்லி, அதைப் புது வீட்டின் குசினிச் சுவராய்ச் சேர்த்துப் படம் கீறிக் கொடுத்தான். அதற்குப் பெயின்ற் அடிக்கச் சுவர்ணா விடவில்லை.

இப்போது அவர்கள் காங்கேசன்துறையில்தான் இருக்கிறார்கள். கோஷ்டியென்றால் முந்தியைப் போலவே பாயோடு போகிறார்கள். அங்கே அவள் சத்தமில்லாமல் குலுங்குவாள், அவன் தோளில் இடிப்பான், தனுஷிகா கம்பஸிலிருந்து வந்து நின்றால் அவளும் கூட வருவாள். இங்கே வளவைச் சுற்றியிருக்கிற சனம் பூட்டின வீட்டுக்குள்ளிருந்து சிரிப்பு வருகிறதைக் கேட்டுவிட்டு, இன்றைக்கு நிகழ்ச்சி திறம்போலை என்று சொல்லிக்கொண்டு தங்கள் வேலையைப் பார்க்கும். அடுத்த நாள் அதே கோஷ்டி வேறு ஊரில் நடந்தால் போகிறதா விடுகிறதா என்று லவீனா அதை வைத்துத்தான் தீர்மானிக்கிறாள். கீர்த்திகனும் மேடையில் புதுப் பகிடி சொன்னால் முதலில் அவளுக்குத்தான் போன் எடுத்துச் சுவர் என்ன சொன்னது என்று விசாரிப்பான்.

காலமையில் அருட்செல்வன் கடலால் வந்து, கை கால் கழுவி, குசினிக்குள் பலகையில் குந்துவான். தேத்தண்ணி வர முதலே, "ஆட்டிட்டை டிக்கெட் இருக்கு," என்று தொடங்குவான்.

"ஐயோ, எத்தினை தரமப்பா," என்பாள் சுவர்ணா.

சுவர் சிரிக்கும். அவன் சுவரைத் திரும்பிப் பார்க்கமாட்டான், சிரித்து முடியும் வரைக்கும் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு, சீனி காணாது என்று சொல்லிக் கோப்பையை நீட்டுவான்.